படத்தில் காணாமல் போன மூன்று இழைகள்

லிஃப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்குப் பெயர் பிடிஎஃப் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. பதினொரு வருடமாக ஒரே வேலை. மெக்கானிக்குகள் செல்போனில் எடுத்து வரும் படங்களை எக்செல் கட்டங்களில் ஒவ்வொன்றாக உட்கார வைத்து, பிடிஎஃப் ஆக்கி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். கேட்பவர்கள் இதெல்லாம் ஒரு வேலையா என்பார்கள். செய்து பார்த்தால்தான் தெரியும். படம் கட்டத்தை விட்டு வழியும், ஒரு பக்கம் இரண்டாக உடையும். தலைமை அலுவலகத்தின் மெயில் பெட்டிக்கோ சின்ன வயிறு. ஃபைல் கொஞ்சம் பெருத்தாலும் போன வேகத்தில் திரும்பி வரும். படங்கள் தெளிவாகப் போக வேண்டுமென்றால் உயர்ந்த தரத்தில் மாற்றி, மூன்று துண்டாக்கி, மூன்று மெயில் போட வேண்டும். முக்கால் மணி நேரம் பிடிக்கும். 'சிறிய ஃபைல்' என்று இன்னொரு வழியும் உண்டு. அதற்கு மூன்று நிமிடம் போதும்.

அவள் சோம்பேறி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வாரத்தில் நாலு நாள் ஒழுங்காக மூன்று துண்டு போடுகிறவள்தான். ஐந்தாம் நாள், ஐந்தே கால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமே என்ற ஆசை வந்துவிடும்.

அப்படி ஆசை வந்த ஒரு நாளில்தான் மூத்த மெக்கானிக் வந்து நின்றார். முப்பது வருடம் லிஃப்ட் கயிறுகளோடு மல்லுக்கட்டிய மனிதர். எழுத்து மட்டும் அவருக்கு ஆகாது. குறை எழுதும் கட்டத்தில் எப்போதும் 'படம் பார்க்கவும்' என்று இரண்டே வார்த்தைதான்.

"ஏம்மா, இந்தக் கயித்துல மூணு இழை அறுந்திருக்கு. படம் தெளிவாப் போயிடும்ல?"

"போயிடும் அண்ணே. நீங்க கவலைப்படாம கெளம்புங்க."

அவரும் கிளம்பினார், அவளும் கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரமே கிடைத்தது.

பத்தாம் நாள் அந்த லிஃப்ட் ஒரு மாடி உயரம் சறுக்கி நின்றது. உள்ளே இருந்த ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் முறிந்தது. விசாரணையில் பிடிஎஃப்பை எடுத்துப் பார்த்தார்கள். கயிறு வழவழவென்று புதுசு போல இருந்தது. இழையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மேலாளர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அவர் குடுத்த படத்தைத்தான் போட்டியா?"

"அவர் குடுத்ததைத்தான் சார் போட்டேன்."

பொய்யில்லை. ஆனால் அதைவிட ஒரு முழுப் பொய்யைச் சொல்லியிருக்கலாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மெக்கானிக்கை லிஃப்ட் பக்கமே போகக்கூடாது என்று சொல்லி, கிடங்கில் போல்ட் எண்ண அனுப்பிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் தன் பக்கத்தை நிரூபிக்காவிட்டால் அவருடைய லைசென்ஸும் போய்விடும். படம் எடுக்கும் கம்பெனி செல்போனில் வாராவாரம் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள்; அசல் படம் அவள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. தினமும் காலையில் அந்த ஃபோல்டரைத் திறப்பாள், மூடுவாள். வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், குறுகுறுக்கும் நெஞ்சு ஒரு பக்கம். சாப்பாட்டு டப்பா பாதி நாள் திறக்காமலே வீடு திரும்பியது.

மூன்றாவது வாரம், போல்ட் கணக்கை பிடிஎஃப் ஆக்கித் தரச் சொல்லி அவரே வந்தார். மூக்கின் மேல் புதுக் கண்ணாடி.

"என்ன அண்ணே, கண்ணாடியெல்லாம்?"

"டாக்டர் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாரு. நான் விடல, சும்மாவாவது ஒண்ணு குடுங்கன்னு வாங்கிட்டேன். பின்ன என்னம்மா? நான் பாத்த இழை படத்துல இல்லையே! இல்லாததைப் பாத்திருக்கேன். இப்போ ரோடு தாண்டுறதுன்னாக்கூட வீட்டுக்காரி கையைப் புடிச்சுக்கிறா." சிரித்தார். "என்னால உனக்கும்தான் கெட்ட பேரு. மனசுல வச்சுக்காதம்மா."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். மன்னிப்புக் கேட்கிறாரே! வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. கை தானாக மௌசுக்குப் போனது. அசல் படம் திரை முழுக்க விரிந்தது. மூன்று இழைகள் அறுந்து, முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

"இதேதாம்மா! நான் பாத்தது இதேதான்! அப்போ என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல!" பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி அவர் முகம் மலர்ந்தது.

"நான்தான் அண்ணே சின்ன ஃபைலாப் போட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு. அதுலதான் எல்லாம் மழுங்கிப் போச்சு."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. திரையை விட்டு அவள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"விசாரணை அன்னிக்கு இது உங்கிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவர் கண்ணாடியை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ரெண்டு வார்த்தை திட்டிடுங்க அண்ணே. நீங்க போங்க, நான் இன்னிக்கே மேலாளருக்கும் தலைமை ஆபீஸுக்கும் எல்லாத்தையும் எழுதி அனுப்பிடறேன்."

அவர் பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து, அவள் தோளுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார்.

"இப்பவே அனுப்புங்க மேடம்," என்றார். "போன மெயிலைத் திறந்து, அதுல இருக்கிற படத்தைப் பெரிசு பண்ணிக் காட்டுங்க. பாத்துட்டுப் போறேன்."