லிஃப்டில் இறங்கிய தண்ணீர்

எங்கள் திருவேற்காடு அடுக்குமாடியில் படி கழுவுகிற வேம்புலியம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். பக்கெட்டோடு ஏறும்போதே, வழியில் செருப்பை விட்டவர்களைத் திட்டிக்கொண்டே ஏறுவார். கணவர் இல்லை. இந்தப் படி வேலையும், இங்கேயே இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பதும்தான் பிழைப்பு.

போன கோடையில் லிஃப்ட் நின்றுபோனது. அடியில் தண்ணீர் இறங்கியிருந்தது. சங்கச் செயலாளர் ஜெகதீஷ் ஐடி கம்பெனியில் மேனேஜர். குடியிருப்பின் வாட்ஸப் குரூப்பில் எழுதினார்: "படி கழுவும்போது பொறுப்பில்லாமல் தண்ணீர் ஊற்றுவதால் வந்த வினை." பெயர் போடவில்லை. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். மறுநாளே அந்த இரண்டு வீடுகளும் வேம்புலியம்மாளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டன. அடுத்த மாதம் முதல் படி வேலைக்கும் வேறு ஆள் பார்ப்பதாகப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமைச் சங்கக் கூட்டத்துக்கு அவரே வந்து நின்றார்.

"நான்தான் ஊத்துனேன்னு யாராச்சும் ஒருத்தரு என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க. அப்பால நான் பதில் சொல்றேன்."

எல்லோரும் செல்போனைப் பார்த்தார்கள். ஜெகதீஷ் மட்டும் சிரித்துக்கொண்டே, "உங்கள யாரும் அக்யூஸ் பண்ணலையேம்மா" என்றார்.

உண்மைதான், அக்யூஸ் செய்யவில்லை. அதற்குப் பெயரைச் சொல்லவேண்டும், ஆதாரம் காட்டவேண்டும், எதிரில் நிற்பவரின் பதிலையும் கேட்கவேண்டும். பிளேம் செய்ய, அதாவது பழிபோட, அந்தத் தொல்லை எதுவும் கிடையாது, துப்பிவிட்டு நடந்துவிடலாம். படித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பிறகு லிஃப்ட் மெக்கானிக் வந்து ஈரத்தைத் தேடிக்கொண்டே போனார். ஜெகதீஷ் வீட்டு ஏசியின் தண்ணீர்க் குழாய் லிஃப்ட் சுவரின் இடுக்கில் விடப்பட்டிருந்தது. அன்று குரூப்பில் ஜெகதீஷிடமிருந்து, "டெக்னிக்கல் பிரச்சினை. யாரையும் குறை சொல்ல வேண்டாம்" என்று வந்தது. மறுபடி கட்டைவிரல்கள். அதே வெட்கங்கெட்ட விரல்கள்.

வேம்புலியம்மாள் லிஃப்ட் வாசலில் ஜெகதீஷை மறித்து, தன் மேல் தப்பில்லை என்று அதே குரூப்பில் ஒரு வரி போடச் சொன்னார். உங்கள் பெயரையே யாரும் எடுக்காதபோது என்னத்தைப் போடுவது என்றார் அவர்.

"பேரே சொல்லலன்னா, அந்த ரெண்டு ஊட்டுக்காரங்களுக்கு நான்தான்னு எப்டி சார் தெரிஞ்சிது?"

ஜெகதீஷ் சரியாகிவிட்ட லிஃப்டில் ஏறி மேலே போய்விட்டார்.