பெயரில்லாத சீட்டு

என் தங்கை பேராச்சி ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் மராத்தி. எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அது எழுத வராது. பன்னிரண்டில் இயற்பியல், இரண்டாம் தடவையில். பிறப்புச் சான்றிதழில் தப்பாக ஏறியிருந்த மாதம். அதைத் திருத்த வார்டு ஆபீசுக்குப் பதினொரு நடை. நர்சிங் படிப்பு, எழுபத்திரண்டு சதவீதம். வயசு ஏறுகிறது, இனி எவன் கட்டுவான் என்ற அப்பாவின் வாய். கடைசியாக, மாநகராட்சி ஆஸ்பத்திரி நர்ஸ் தேர்வு, நான்காவது முறையில். 2023 மார்ச் 6, திங்கட்கிழமை, காலை ஆறு பத்துக்கு அவள் எங்கள் தாராவிச் சந்திலிருந்து வேலைக்குக் கிளம்பினாள். நான் அரை நாள் லீவு போட்டு பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன்.

நான் மாரிக்கண்ணன், அவளுக்கு ஒன்பது வயது மூத்தவன். எட்டாவதோடு நின்றவன். சட்டை தைக்கும் பட்டறையில் செக்கர் வேலை. தைத்து வரும் சட்டையில் பட்டன், காஜா, காலர் எல்லாம் பார்த்து, சரியாக இருந்தால் என் நம்பர் போட்ட சின்னச் சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்து அனுப்புவேன். என் நம்பர் பதினான்கு.

பேராச்சி ஆசைப்பட்டது பிரசவ வார்டுக்கு. எங்கள் சித்தி பிரசவத்துக்குப் போன அன்று ஒரு நர்ஸ் வெளியே வந்து, பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்போது பேராச்சிக்கு ஏழு வயது. அன்று பிடித்த ஆசை அது. ஆனால் ஆஸ்பத்திரியில் அவளைப் போட்டது தரைத்தளத்துக்கும் கீழே, கருவிகளைச் சுத்தம் செய்து ஆவியில் வேகவைத்து, துணியில் பொதிந்து வார்டுகளுக்கு அனுப்பும் பிரிவில். ஜன்னல் கிடையாது. நோயாளி கிடையாது. கத்தரி, இடுக்கி, பஞ்சு, துணி. ஒரு வருஷம் முடிந்தால்தான் வேறு பிரிவு கேட்க முடியுமாம்.

பிரசவ வார்டு வந்தனாவுக்குக் கிடைத்தது. வந்தனா பாண்டுப்பிலிருந்து வரும் மராத்திப் பெண். பேராச்சியோடு ஒரே பெஞ்சில் படித்தவள். சாத்துக்குடியில் ஊசி குத்திப் பழகியதுகூட பேராச்சி பிடித்துக் கொடுத்த சாத்துக்குடியில்தான். தேர்வுப் பட்டியலில் பேராச்சிக்கு நாற்பத்தோரு இடம் பின்னால் இருந்தாள். நானே எண்ணிப் பார்த்தேன்.

அந்த நாற்பத்தோரு இடம் பேராச்சியைத் தின்றது. காலையில் பல் தேய்க்குமுன் போனை எடுத்து வந்தனா போட்டிருக்கும் ஸ்டேட்டஸைப் பார்ப்பாள். வந்தனா கையில் ஒரு குழந்தை, வந்தனாவுக்கு யாரோ கொடுத்த பேடா, வந்தனாவின் தோளில் ஒரு கிழவியின் கை. பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பாள். இந்த வாரம் அவள் ஒன்பது பிரசவம் பார்த்தாளாம் என்று சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து சொல்வாள். அம்மா குழம்பு ஊற்றுவாள்.

சந்தில் கேட்டவர்களுக்கெல்லாம் தான் பிரசவ வார்டில் இருப்பதாகச் சொல்லிவைத்திருந்தாள். நான் திருத்தவில்லை. பஸ் ஸ்டாப் வரை போனவன் எப்படித் திருத்துவது?

எனக்கும் வயிறு எரிந்தது, பேராச்சி மேல். மாதச் சம்பளம், வார லீவு, தலைக்கு மேல் ஃபேன், 'சிஸ்டர்' என்று ஒரு பட்டம். நான் பதினெட்டு வருஷமாக நின்றுகொண்டே சட்டை பார்க்கிறேன். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒருத்தி முகத்தைத் தூக்கினால் எப்படி இருக்கும்? ஆகஸ்ட் கடைசியில் ஒரு கடிதத்தைக் கொடுத்து ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னாள். இங்கிலீஷில் இருந்தது. கடைக்காரரிடம் கேட்டேன். வேலையை விடுகிற கடிதம் என்றார். செம்பூரில் ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில் அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். செப்டம்பர் 15-க்குள் இங்கே மாநகராட்சி ஆஸ்பத்திரியில் இந்தக் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். கடிதத்தின் கீழே பெயர் இருந்தது. கையெழுத்து இடம் மட்டும் காலி. நான்கு தடவை எழுதி வாங்கிய வேலை அந்தக் காலி இடத்தில் நின்றது.

இந்த நேரத்தில்தான் நூர் நிஷாவுக்கு வலி எடுத்தது. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள், மேலப்பாளையத்துக் குடும்பம். பேராச்சி இருக்கிறாள் என்ற தைரியத்தில் அதே ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆண் குழந்தை. 11-ஆம் தேதி வீடு திரும்பினாள். மறுநாள் சாயந்தரம் நானும் பேராச்சியும் பார்க்கப் போனோம்.

நூர் நிஷா படுத்தபடியே என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஒங்க தங்கச்சி பேரச் சொல்லிக் கத்துனேன்ணே. யாருக்கும் தெரியல. அப்பொறம் அந்த வந்தனா பொண்ணுதான், அவ கீழ டப்பா அவிக்கற எடத்துல இருக்கான்னு சொல்லிச்சு."

பேராச்சி குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். நூர் நிஷா நிறுத்தவில்லை. வந்தனா கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள். கடைசி நேரத்தில் பொதியைப் பிரித்தால் தொப்புள்கொடி வெட்டும் கத்தரி அதில் இல்லையாம். டாக்டரம்மா எல்லார் முன்னாலும் வந்தனாவைத் திட்டினாராம். வந்தனா ஒரு வார்த்தை பேசாமல் ஓடிப்போய் வேறு பொதி கொண்டுவந்தாளாம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் பாவம் அந்தப் பொண்ணு என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பேராச்சி மேல்தட்டுக்கு ஏறும் ஏணியில் உட்கார்ந்தாள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

"அண்ணே, அது என் ஷிப்டுல கட்டுன பொதி."

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"கத்தரி இல்லன்னதும் எனக்கு மொதல்ல என்ன தோணிச்சு தெரியுமா? அவ திட்டு வாங்குனது நல்லாருந்துச்சு. பெறவுதான் அது எனக்கு வரவேண்டிய திட்டுன்னு ஒறச்சுது."

பொதியில் சீட்டு இருக்குமா என்று கேட்டேன். இருக்குமாம். உள்ளே என்னென்ன இருக்கிறது, எந்தத் தேதி வேகவைத்தது, சரிபார்த்தது யார் என்று அதில் எழுதி, நர்ஸ் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இவள் ஆறு மாதமாகப் போட்டதே இல்லை. மௌஷி என்று அங்கே கூப்பிடும் ஆயா கருவிகளை அடுக்கிக் கட்டுவாள். இவள் தேதியை மட்டும் எழுதி, பெயர் இடத்தை விட்டுவிடுவாள். கையெழுத்துப் போட்டால் அந்தக் கீழ்த்தளத்து ஆளாகவே ஆகிவிட்டது போல இருக்கும் என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. என் சட்டைப் பையில் மிச்சமிருந்த செக்கர் சீட்டு ஒன்றை எடுத்து அவள் மடியில் போட்டேன்.

"நான் பாத்த சட்டைல என் நம்பர் இருக்கும்ட்டி. பட்டன் அந்துபோனா என்னையத்தான் கேப்பான். கேக்கட்டும். எட்டாப்பு படிச்சவன் பதினெட்டு வருசமா வைக்கேன். ஒன் பேர நீ எங்க வச்ச?"

"ஒனக்கு என்னயப் பாத்தா எரிச்சல்ணே."

"ஆமா. எரிச்சல்தான்."

அவள் சீட்டை மடித்து மடித்துப் பொடிசாக்கினாள்.

புதன்கிழமை அவள் வந்தனாவைத் தேடி மேலே போயிருக்கிறாள். பொதி தன்னுடையது என்று சொல்லியிருக்கிறாள். வந்தனாவுக்கு அது அன்றைக்கே தெரியுமாம். பெயரில்லாத சீட்டு அந்த ஆஸ்பத்திரியில் இவளுடையது மட்டும்தான். தெரிந்தும் டாக்டரிடம் சொல்லவில்லை. வீட்டில் இதைச் சொல்லும்போது பேராச்சியின் முகம் பழையபடியே கறுத்திருந்தது.

"நல்லவளா இருக்க வேலையும் அவளுக்குத்தான் கெடச்சிருக்கு," என்றாள்.

இன்றைக்கும் அவள் வந்தனாவின் ஸ்டேட்டஸைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைக்கிறாள். செம்பூருக்குப் போகவில்லை. கடிதமும் ஜெராக்ஸும் என் அலமாரியில் இருக்கின்றன, கையெழுத்து இடம் காலியாக.

அந்தப் புதனுக்கு மறுநாள், வியாழக்கிழமை மதியம் பட்டறையில் இருந்தபோது பேராச்சியிடமிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. பொதிச் சீட்டு. கத்தரி ஒன்று, இடுக்கி இரண்டு, துணி நான்கு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கோடு. கீழே சரிபார்த்தவர் என்ற இடத்தில் முழுப்பெயராக, பேராச்சி சுடலைமுத்து. வேலை வாங்குவதற்காகப் பல காகிதங்களில் அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பார்த்த வேலைக்கு முதல் தடவையாகப் போட்டது இதுதான். நான் படத்தைப் பெரிதாக்கித் தேதியைப் பார்த்தேன். 2023 செப்டம்பர் 14.