காப்பி ஆகாரத்தில் சேராது

எங்கள் வீட்டில் காப்பி ஆகாரத்தில் சேராது. ஏகாதசி உபவாசத்தன்றும் குடிப்போம். மாட்டுங்காவில் எங்கள் கட்டிடம் முழுக்க இதே சாஸ்திரம்தான்.

எனக்கு இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு டாக்டர் வாரத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். உள்ளே வைத்த உலோகத்தைச் சுற்றி எலும்பு கரைந்தால் மூட்டு ஆட்டம் கண்டுவிடுமாம். கரையாமல் இது பார்த்துக்கொள்ளுமாம். எழுந்ததும் 'காலி பேட்', அதாவது வெறும் வயிற்றில் விழுங்கணும், அப்புறம் அரை மணி ஒன்றும் சாப்பிடாமல், படுக்காமல் இருக்கணும் என்றார். டப்பாவுக்குள் இருந்த காகிதத்தை யார் படித்தார்கள்? சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் ஒரு கையில் டவரா டம்ளர், மறு கையில் மாத்திரை என்று வந்து நிற்பார். ரிடையரான பிறகு அவர் இத்தனை சிரத்தையாகச் செய்த காரியம் வேறு கிடையாது.

ஒரு வருஷம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு மெலிந்திருந்தது. இப்படியே போனால் மறுபடி ஆபரேஷன் என்றார் டாக்டர். மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறேன் என்று கேட்டார்.

இவர் முந்திக்கொண்டார். "காலி பேட் தான் டாக்டர் சாப். நானே ஃபில்டர் காப்பியோட குடுக்கறேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பால் காப்பியோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சேராது, வெறும் தண்ணீரோடுதான் விழுங்கணும் என்றார். இனி அப்படிச் சாப்பிட்டு, ஆறு மாதம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே. அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம்.

டாக்ஸியில் இவர், "கோவமா?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை."

பொய்யில்லை. கோபம் வரவேண்டும், மறுபடி அறுப்பார்களே என்ற பயமாவது வரவேண்டும். எதுவும் வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது.

அடுத்த சனிக்கிழமை தண்ணீர் கொண்டுவந்தார். நான் மாத்திரையை விழுங்கியதும் எதிரே உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கும் காப்பி போட்டுக்கொள்ளவில்லை. அரை மணி ஆனதும் உள்ளே போய் எனக்குக் கலந்து கொண்டுவந்தார்.

"ஒரு வார்த்தை திட்டேன்" என்றார்.

கல்யாணமான நாளாக ஈரத்துண்டுக்கும் அணைக்காத ஃபேனுக்கும் அவரைத் திட்டியிருக்கிறேன். டம்ளரை வாங்கிக்கொண்டேன். ஒரு வாய் குடித்தேன்.

"சக்கரை போறலை. இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. சக்கரை டப்பாவை எடுக்க வேகமாக உள்ளே போனார்.

காப்பியில் சக்கரை சரியாகத்தான் இருந்தது.