தனியாகச் செய்ய வேண்டிய வேலை

குற்றவியல் படித்துப் பட்டம் வாங்கியபோது கொலை, துப்பு, விசாரணை என்றெல்லாம் கனவு கண்டிருந்தேன். கிடைத்த வேலையோ, சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலை செய்யும்படி நீதிமன்றம் கட்டளையிட்டவர்களைக் கண்காணிப்பது. பெரியமடுவிலிருந்து மன்னார்க் கந்தோருக்கு பஸ்ஸில் வரும்போது, பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீரும் வானமும் வெயிலில் ஒன்றாகிவிடும். எங்கே போகிறேன் என்பதே எனக்கு மறந்துபோகும். பாதித் தூக்கத்தில்தான் இறங்குவேன்.

என் பொறுப்பில் வந்த முதல் ஆள் பள்ளிமுனைக்காரர். கரையில் வரிசையாக நின்று கடலிலிருந்து கரைவலை இழுப்பவர்களில் ஒருவர், என் அப்பாவின் வயது இருக்கும். குடித்துவிட்டு மீன் லொறி ஒன்றின் கண்ணாடியை உடைத்திருந்தார். பல மாதங்களுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு முன்பள்ளியின் வளவைத் துப்புரவாக்க வேண்டும், தவறினால் சிறை என்பது கட்டளை.

முதல் சனிக்கிழமை நான் போனபோது வளவு நிறைய ஆட்கள். அவரோடு வலை இழுக்கும் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். விழுந்துகிடந்த உடைமரத்துக்குக் கயிறு கட்டி, வரிசையாக நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் பின்னால் சாய்ந்தார்கள். புழுதி எழும்பி வெயிலில் பொன்னிறமாக மிதந்தது. எனக்கு மரம் தெரியவில்லை, கடல்தான் தெரிந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன். மத்தியானத்துக்குள் பல மாதத்து வேலை முடிந்துவிட்டது.

“எல்லாம் முடிஞ்சுது மிஸ். கையெழுத்து வையுங்கோ,” என்றார் அவர், முகமெல்லாம் சிரிப்பாக.

அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. “ஐயா, தண்டனை உங்களுக்குத்தானே? இவையளை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?”

“ஒருத்தனா நிண்டு இழுத்தா வலை வருமே மிஸ்?”

கந்தோரில் மேலதிகாரியிடம் சொன்னேன். அன்று காலை செய்த வேலை கணக்கில் சேராது என்றார். “இனி வேற ஆக்களின்ர கை பட்டா நீதவானுக்கு அறிக்கைதான். ஆள் உள்ளுக்குப் போகவேண்டி வரும்.”

அதைப் பள்ளிமுனைக்காரரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். அவருடைய சிரிப்பு போய்விட்டது. “ஓம் மிஸ்,” என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு தனியாகவே வந்தார். கூத்து என்னவென்றால், செய்வதற்கு வளவில் ஒன்றுமே மிச்சமில்லை. சோளகக் காற்று கொண்டுவந்து கொட்டும் மணலைக் கூட்டுவார்; அவர் நிமிர்வதற்குள் காற்று மறுபடி கொட்டிவிடும். சட்டத்தின் மேலும் காற்றின் மேலும் எனக்கு ஒரே கோபமாக வந்தது.

ஒரு சனிக்கிழமை, அவருடைய நடத்தை பற்றி விசாரித்து எழுத வேண்டியிருந்ததால் கடற்கரைக்குப் போனேன். வலை வந்துகொண்டிருந்தது. கயிற்றில் நெருக்கமாக நின்றவர்களுக்கு நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி. அவர்கள் பின்னால் நடக்க, அந்த இடைவெளியும் அவர்களோடு நடந்தது. புதிதாக வந்த ஒருவர் அதற்குள் நுழையப் போனார். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி அதட்டினார்.

“விடு, அது அவன்ர இடம்.” பிறகு என் பக்கம் திரும்பி, “அவன்ர பங்கும் எடுத்து வைக்கிறம் பிள்ளை. அவனும் அங்க இழுத்துக்கொண்டுதானே நிக்கிறான்,” என்றார்.

அங்கிருந்து நேரே முன்பள்ளிக்குப் போனேன். கடல் வெளிச்சம் கண்ணில் ஒட்டியிருந்ததால் வளவு முழுக்க மங்கலாகத் தெரிந்தது. அவர் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் யாருமே இல்லாதது அன்றைக்குத்தான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. அழுகை வந்தது. சுவரில் சாத்தியிருந்த இன்னொரு விளக்குமாற்றை எடுத்தேன்.

அவர் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“ஐயோ, வையுங்கோ மிஸ். உங்கட கை பட்டா இதுவும் கணக்கில வராது.”

என் கையிலிருந்து அதை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு, விட்ட இடத்துக்குப் போய்த் தனியாகக் கூட்டத் தொடங்கினார்.