ரிப்பன் கட்டிய வாரம்

தியாகதுருகம் பக்கத்தில் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் பையன்களுக்கென்று ஒரு தண்டனை இருந்தது. தலையில் ரிப்பன் கட்டி, பெண்பிள்ளைகள் வரிசையில் நடுவில் உட்கார வைப்பார்கள். பிரம்படிக்கு இளிக்கிறவர்கள்கூட ரிப்பனைப் பார்த்ததும் அழுதுவிடுவார்கள். கட்டிவிடுகிற வாத்தியார் என் சித்தப்பா. அதனால் எனக்குப் பயம் இரட்டிப்பு. பள்ளியில் நடப்பது நான் வீடு போய்ச் சேருவதற்குள் அப்பா காதுக்குப் போய்விடும்.

ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் பெயரைச் சொல்ல மாட்டேன். சத்துணவில் முட்டை போடும் நாளில் என் மஞ்சள்கருவை அவன் தட்டில் வைத்துவிடுவேன். எனக்குப் பிடிக்காது என்று சொல்லி வைத்திருந்தேன். பொய். தின்பதைவிட அவன் தின்பதைப் பார்ப்பதில் ருசி அதிகம் என்று கண்டுபிடித்திருந்தேன். வேறெந்தப் பாடத்திலும் நான் அவ்வளவு சூட்டிகை இல்லை.

ஒரு நாள் தட்டில் வைக்காமல், அவன் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தேன். பிடித்த கையை விட மறந்துபோனேன்.

“இன்னாடா, பொண்டாட்டிக்குச் சோறு ஊட்டிக்கினு இருக்கியா?” என்றான் எதிரே உட்கார்ந்திருந்தவன்.

வரிசை முழுக்கச் சிரித்தது. சித்தப்பா திரும்பினார். டவுசர் நனையாததுதான் அன்றைய வீரத்தின் உச்சம். பள்ளியில் அவரை சார் என்று கூப்பிட வேண்டும் என்பதுகூட மறந்துவிட்டது.

“நான் இல்ல சித்தப்பா, அவன்தான். எப்பப் பாத்தாலும் கையப் புடிச்சிக்கினே இருக்கான்.”

சித்தப்பா அவனை எழுப்பி நிறுத்தினார். “அவ்ளோ புடிக்குமாடா இவன?”

அவன் இல்லை என்று சொல்லியிருந்தால் அடுத்து மாட்டுவது நான். அவன் என்னைப் பார்த்தான்.

“புடிக்கும் சார்.”

ரிப்பன் சிவப்பு. ஒரு நாள்தான் வழக்கம். அவன் அழாததால் ஒரு வாரம் ஆக்கினார்கள். நான் சும்மா இருந்தேனா? இடைவேளையில் இடுப்பை ஒடித்து அவன் நடப்பதுபோல் நடந்து காட்டினேன். சித்தப்பாவே சிரித்துவிட்டார். கோமாளி என்ற பேர் எனக்கு அன்றுதான் கிடைத்தது. இன்றுவரை அதைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. மணலூர்பேட்டையில் மாமன் வீட்டில் விட்டுவிட்டார்கள் என்றார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகச் சொன்னார்கள்.

இப்போது நானும் வாத்தியார். வீட்டில் மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள். போன மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு பயிற்சி. தன்பாலீர்ப்பு உள்ள பிள்ளைகளைக் கேலி செய்யக் கூடாது, பட்டப்பேர் வைக்கக் கூடாது, தனியே உட்கார வைக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை. குரல் நன்றாக இருக்கிறதென்று என்னையே வாசிக்கச் சொன்னார்கள். கணீரென்று வாசித்தேன்.

“நீங்க படிச்ச காலத்துல அப்படி யாராச்சும் இருந்தாங்களா சார்?” என்று பயிற்சி கொடுத்த அம்மா கேட்டார்.

அதே டவுசர், அதே பயம்.

“எங்க காலத்துல அதெல்லாம் இன்னும் கண்டுபுடிக்கல மேடம்.”

கூடமே சிரித்தது. மதியச் சாப்பாட்டில் முட்டை வைத்தார்கள். மஞ்சள்கருவை நானே தின்றேன்.

செய்யாததை ஒத்துக்கொள்கிறானே, ஒரு ‘இல்ல சார்’ சொல்ல வாய் வரவில்லையா, சரியான மக்கு என்றுதான் ரிப்பன் கட்டிய அன்றைக்கு அவனை நினைத்தேன். கேட்டது சித்தப்பா, ‘புடிக்கும்’ என்ற பதில் எனக்கு என்பது ஐந்தாம் வகுப்பில் இருந்த இந்தக் கோமாளிக்கு எட்டவில்லை.