இடது தோளில் இரண்டு தட்டு

காது மிஷினை எனக்கு மகள் வாங்கிக் கொடுத்தாள் என்று சொன்னால் அது பாதி உண்மை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாட்டிவிட்டாள். கடையில் இருந்த சீனப் பெண் என் இடது காதுக்குள் சின்ன விளக்கை விட்டுப் பார்த்துவிட்டு, எத்தனை வருஷமாக இப்படி என்று மலாயில் கேட்டாள். இருபத்தேழு என்றேன். பிறவியிலேயா, காய்ச்சலா என்றாள். ஒருவர் அறைந்தார் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு அவள் என் மகளைப் பார்த்தாள். மகள் கூரையைப் பார்த்தாள். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்தவள் அவள். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

காரில் ஏறியதும் டிக் டிக் என்று ஒரு சத்தம். வண்டியில் பழுதா என்று மகளிடம் கேட்டேன். "சிக்னல்பா" என்றாள். நான் எத்தனை வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறேன், சிக்னலுக்குச் சத்தம் உண்டு என்பதே மறந்து போயிருக்கிறது பாருங்கள். அதைக் கேட்டுக்கொண்டே வந்தேன். அன்றைக்குக் காதில் வாங்கிய அறையும் கூடவே வந்தது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று. பினாங்குத் துறைமுகச் சாலையில் ஒரு லாரிக் கம்பெனியில் கிராணி வேலை, கணக்கு எழுதுவது. மதியம் கோப்பிக் கடையில் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து, சுவரில் இருந்த டிவியைப் பார்த்துச் சிரித்தேன். அதுதான் நான் செய்த குற்றம். எனக்கும் டிவிக்கும் நடுவில் இருந்த மேசையில் மணியம் உட்கார்ந்திருந்தார். பாராங் மணியம். பாராங் என்றால் எங்கள் ஊரில் வெட்டுக்கத்தி. அந்தப் பெயர் அவருக்கு ஏன் வந்தது என்று நான் விளக்கத் தேவையில்லை. அந்த நேரம் பார்த்து அவர் வெள்ளைச் சட்டையில் மீன் குழம்பு கொட்டியிருந்தது.

"யாரப் பாத்துடா சிரிக்கிற?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், கை வந்துவிட்டது. விரித்த உள்ளங்கை, காதை மூடினாற்போல் விழுந்தது. தகரக் கொட்டகை மேல் தென்னை மரம் சாய்ந்த மாதிரி ஒரு சத்தம், அதன் பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அதே இடத்தில் இன்னொன்று. கீழே விழுந்தவனை உதைத்தார். இரண்டு விலா எலும்பு. பல் ஒன்று தரையில் சிந்திய சோற்றில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். கடையில் இருபது பேர் இருந்தார்கள். கோப்பிக்காரர் செய்த ஒரே காரியம், கெட்டிலை எடுத்து உள்பக்கமாக வைத்தது. அவருக்கு அது உடையாமல் இருக்க வேண்டும். குற்றம் சொல்லவில்லை, நானாக இருந்தாலும் கெட்டிலைத்தான் காப்பாற்றியிருப்பேன்.

நான் சின்ன வயதிலிருந்தே கிறிஸ்தவ சபைக்குப் போகிறவன். நரக நெருப்பு, கந்தகம் எல்லாம் எனக்குப் பழக்கம். ஆனாலும் அதற்குப் பிறகு நாலு வருஷம் அந்த மனிதரை நான் கொன்ற விதங்களைச் சொன்னால் நீங்கள் பக்கத்தில் உட்கார மாட்டீர்கள். பட்டர்வொர்த் போகும் ஃபெரியின் மேல்தட்டிலிருந்து தள்ளியிருக்கிறேன். எங்கள் கம்பெனி லாரியை அவர் மேல் முன்னால் ஒரு தடவையும் ரிவர்ஸில் ஒரு தடவையும் ஏற்றியிருக்கிறேன். இதெல்லாம் பெரும்பாலும் ஆராதனை நேரத்தில்தான். இடது காதில் பாட்டு விழாது, கற்பனைக்கு நல்ல வசதி.

எங்கள் சபை அப்போது லிட்டில் இந்தியாவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மரப்படி. படி ஏறும்போதே கீழேயிருந்து புதுப் பாத்திர வாசனையும் பக்கத்துக் கடைச் சாம்பிராணியும் கூடவே ஏறும். பாஸ்டருக்கு ஒரே பொருள்தான், ஆண்டவருடைய வருகை. கடைசி எக்காளம் ஊதும், தயாராக இருப்பவர்கள் மேலே போவார்கள், மற்றவர்கள் இங்கேயே. "மேகத்தப் பாத்துட்டுத் துணி எடுக்க ஓடற மாதிரி இல்ல, அவரு வர்றது" என்பார். ரெஜினா அக்கா என்று ஒருவர் இருந்தார், மீன் வாங்கப் போனாலும் இஸ்திரி போட்ட சேலைதான். கேட்டால், "எப்பக் கூப்பிட்டாலும் கசங்காமப் போகணும்லா" என்பார். சேலையைச் சொல்கிறாரா மனசைச் சொல்கிறாரா என்று யாரும் கேட்டதில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு அப்பம் பிட்கும் நாள். அதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மனஸ்தாபம் உள்ளவர்கள் எழுந்து ஹாலைக் கடந்துபோய், மற்றவரின் கையைப் பிடித்து, வாய் திறந்து சொல்ல வேண்டும், மன்னித்தேன் என்று. சொல்லாதவர் அப்பத்தைத் தொடக் கூடாது. அந்த நிமிஷத்தில் எக்காளம் ஊதினால் யாரும் யாரையும் பிடித்துக் கீழே இழுக்கக் கூடாது என்பது கணக்கு. புருஷன் பெண்டாட்டி, வேனில் வரும்போது ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டவர்கள், எல்லோரும் குறுக்கே மறுக்கே நடப்பார்கள். பாசார் மாதிரி இருக்கும், காலைச் சந்தையைத்தான் சொல்கிறேன். நான் யாரிடமும் போனதில்லை. என் ஆள் சபையில் இல்லையே.

ஒரு ஞாயிறு வந்துவிட்டார். தலையை ஒட்ட வெட்டி, வெள்ளைச் சட்டை, கையில் வேதாகமம். நடுவில் சிறைக்குப் போன இடத்தில் யாரோ வேதம் சொல்லிக் கொடுத்து, வெளியே வந்து பினாங்குத் தண்ணீரில் ஞானஸ்நானம் முழுகி எழுந்து, இப்போது பெயர் மாற்கு. மனம் திரும்பின கதையைச் சாட்சியாகச் சொன்னார். சபை கைதட்டியது. நான் முன்னாலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். விட்டால் அதைத் தூக்கியிருப்பேன். அவர் நேராக என்னிடம் வந்தார், முட்டி போட்டார், என் இடது காதுப் பக்கம் வாயை வைத்து என்னவோ சொன்னார். சூடாக மூச்சு பட்டது, வேறொன்றும் இல்லை.

"நீ ஒடச்ச காதுலயே வந்து சொல்றியே" என்றேன்.

அவர் முகம் வெளுத்துப்போனது. வலது பக்கம் மாறி வந்து, மன்னிக்கச் சொன்னார். வெளியே வா என்றேன்.

கடைக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகள் இருக்கும் சந்து. என் மோட்டார் ஹெல்மெட் கையில் இருந்தது. இதோ பார், கடைசி எக்காளம் இந்தக் காதுப் பக்கம் ஊதினால் எனக்கு எப்படிக் கேட்கும், நீ என்னை அடித்துப்போட்டுவிட்டு முதல் வரிசையில் மேலே போய்விடுவாய், நான் இங்கே டீ குடித்துக்கொண்டிருப்பேனா என்று கேட்டேன். கேலிக்குத்தான் கேட்டேன். கேட்டு முடித்து, ஹெல்மெட்டால் வாயில் அடித்தேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மறுபடி அடித்தேன். உதடு கிழிந்து சட்டையெல்லாம் சிவப்பு. புருவத்தில், மூக்கில். ஒரு விஷயம் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்திருந்தது. கை வலித்தது, நிறுத்த மனசில்லை. அவர் ஒரு தடவை கையை ஓங்கினால் போதும் என்றிருந்தது, ஓங்கவே இல்லை.

"முடிஞ்சிதா தம்பி? மீதி இருந்தா அடி" என்றார்.

ஹெல்மெட்டைக் குப்பைத் தொட்டி மேல் வைத்தேன். பாஸ்டர் ஓடி வந்து, இப்போது மன்னித்தாயா என்றார். இல்லை என்றேன். அதுதான் உண்மை. அடித்தால் தீர்ந்துவிடும் என்று நாலு வருஷம் நினைத்திருந்தேன். அடித்த பிறகு அது இரண்டு மடங்காகத்தான் ஆனது.

அடுத்த ஞாயிறு அவர் வீங்கின மூஞ்சியோடு வந்து, என் இடது பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து வேறு வரிசைக்குப் போனேன், அங்கேயும் வந்தார். என்ன வேண்டும் என்றேன்.

"எக்காளம் ஊதினா ஒங்க தோள்ல ரெண்டு தட்டு தட்டறேன் தம்பி. நான் இந்தப் பக்கமே இருக்கேன்."

நான் கேலி பேசியதை அந்த மனிதர் வேலையாக எடுத்துக்கொண்டார். ஆறு வருஷம். சபையில், வேனில், கோப்பிக் கடையில், சுங்கை பாக்காப்பில் வீட்டு ஜெபம் என்றால் அங்கேயும், என் இடது பக்கம் மாற்கு அண்ணன். எப்போது அண்ணன் ஆனார் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் முதல் ஞாயிறு வரும், அப்பத் தட்டு வரும், அவர் அதை வாங்கி எடுக்காமல் எனக்குக் கொடுப்பார். நீ மன்னிப்புக் கேட்டுவிட்டாய், எடுக்கலாம் என்று பாஸ்டர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். தம்பி வாயால் சொல்லட்டும் பாஸ்டர் என்பதே அண்ணனின் பதில். கணக்குப்படி சொல்லாத நான்தான் தொடக் கூடாது, ஆனாலும் எடுத்துச் சாப்பிடுவேன். என் மனைவி ரூபி ஒரு நாள் வேனில் வரும்போது சொன்னாள்: "அவரு ஒங்களுக்குக் காது. நீங்க அவருக்குத் தொண்டையில முள்ளு." 

ஒரு தடவை தட்டினார். பகல், ஃபெரியில் வந்துகொண்டிருக்கிறோம், மேல்தட்டில். ஏதோ ஒரு முழக்கம், தோளில் டக் டக்.  எழுந்தே நின்றுவிட்டேன். அந்த ஒரு நொடியில் என் மனசில் ஆண்டவர் வரவில்லை, ரூபி வரவில்லை. ஐயோ, இவரிடம் இன்னும் சொல்லவில்லையே என்பதுதான் வந்தது. இத்தனை வருஷம் நான் தயார், இவர்தான் தயாரில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கப்பல் ஹார்ன் தம்பி" என்று சிரித்தார். "மன்னிச்சிரு. இதையும் சேத்து."

அப்போதாவது சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். சொன்னால் இந்த நாற்காலியை விட்டு எழுந்து போய்விடுவாரோ என்று ஒரு பயம். வெறும் பிடிவாதமும் இருந்தது, மறைக்கவில்லை. அடுத்த மாதம் சொல்லலாம் என்று விட்டேன். வருகையைப் பற்றி வாரா வாரம் கேட்டவன், அடுத்த மாதம் என்று விட்டேன்.

சபை விருந்துக்கு மீன் வாங்க ஒரு சனிக்கிழமை காலையில் பாசாருக்குப் போயிருந்தோம். கையில் இரும்புக் குழாயோடு ஓர் இளைஞன் இடது பக்கமாக வந்திருக்கிறான். எனக்குக் கேட்கவில்லை. அண்ணன் திரும்பினதைப் பார்த்துத்தான் திரும்பினேன்.

"நீ வெட்டின எங்கண்ணன் காலு ஞாபகம் இருக்கா?" என்றான்.

"இருக்கு தம்பி. ஒங்க வீட்டத்தான் ரொம்ப நாளாத் தேடிக்கிட்டு…"

குழாய் தலையில் இறங்கியது. அண்ணன் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின, அந்தச் சந்தில் போன மாதிரியே. மறுபடி அடித்தான். மீன் பலகை மேல் ரத்தம் தெறித்தது. மூன்று அடி வரை நான் நின்றேன். இதை நான் போலீஸில் சொல்லவில்லை. பயத்தில் நிற்கவில்லை. அந்தப் பையன் முகம் எனக்குத் தெரிந்த முகம். ஹெல்மெட் பிடித்த என் முகம். ஒரு ஓரத்தில், அவனுக்கும் உரிமை இருக்கிறது என்று நினைத்தேன். நாலாவது அடியில்தான் ஐஸ் பெட்டி மூடியைத் தூக்கி அவன் முழங்கையில் போட்டேன். குழாய் விழுந்தது. அவன் மேல் விழுந்து தோளைக் கடித்தேன், வாயெல்லாம் அவன் ரத்தம். யாரோ பிய்த்து எடுத்தார்கள். அண்ணனும் கீழேயிருந்து கையை ஆட்டினார், அவனை விடு என்று.

அவர் தலையை மடியில் எடுத்துக்கொண்டேன். ஐஸ் தண்ணீரும் செதிலும் ரத்தமும் கலந்து ஓடுகிற தரை. காதில் வாயை வைத்து, மன்னித்துவிட்டேன் அண்ணே என்றேன். அவர் என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி? கேக்கல."

அவர் காது நிறைய ரத்தம். கத்தினேன். பாசார் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன், மீன்காரச் சீனர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அண்ணனின் கை மெல்ல மேலே வந்தது. என் இடது தோளில் இரண்டு தட்டு. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார், இடையில் பேசவில்லை.

நான் சொன்னது கேட்டது என்று தட்டினாரா, இல்லை, சொன்ன வாக்கைக் காப்பாற்ற, தனக்குக் கேட்ட எக்காளத்தை எனக்குச் சொல்லத் தட்டினாரா, எனக்குத் தெரியாது. பாஸ்டரிடம் கேட்டேன். அவர் முதல் தடவையாக வருகையை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

இப்போது அந்த மாடி தங்கும் விடுதி. மரப்படியில் வெள்ளைக்காரர்கள் பெட்டி இழுக்கிறார்கள். ரெஜினா அக்கா கசங்காமலே போய்விட்டார். பழைய ஃபெரிகளை நிறுத்திவிட்டார்கள், அந்த ஹார்னும் இல்லை. சபை பாயான் லெப்பாஸில், ஏர்கோன் குளிர் அடிக்கும் ஹாலில். அப்பத்துக்கு முன்னால் யாரும் ஹாலைக் கடப்பதில்லை. திரையில் ஒரு வசனம் வரும், உட்கார்ந்த இடத்திலிருந்தே பக்கத்தில் இருப்பவருக்குப் புன்னகை செய்தால் போதும்.

போன ஞாயிறு மிஷினோடு போனேன். இடது பக்கத்திலிருந்து எல்லாம் கேட்டது, ஏர்கோன் இரைச்சல், பின்வரிசைக் குழந்தை, யாரோ மிட்டாய்க் காகிதம் பிரிப்பது. பக்கத்து நாற்காலி காலி. ஒரு பெண் வந்து கைப்பையை வைக்கலாமா என்று கேட்டாள். ஆள் வருகிறார் என்று சொல்லிவிட்டேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்பத் தட்டு வந்தது. அதை வாங்குவதற்கு முன்னால் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்தப் பக்கம் பழையபடி அமைதியானது. ஊதும்போது அவர் தட்டட்டும்.