கேட் திறந்தும் நகராத லாரி

போன புரட்டாசியில் ஒருநாள் காலை, வலசை வரும் பறவைகளைப் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து முத்துப்பேட்டைக்கு பைக்கில் கிளம்பினேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. ரயில் கடந்த நேரம், பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக ஒரு பறவை, பக்கத்தில் நின்ற நெல் லாரியின் கண்ணாடியில் மோதி ரோட்டில் விழுந்தது. ஆறுமணிக்குருவி! இமயமலை அடிவாரத்திலிருந்து இவ்வளவு தூரம் பறந்து வந்த உயிர்.

கேட் திறந்தது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். நான் பதறி இறங்குவதற்குள் லாரி டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் குதித்து, குருவிக்கு முன்னால் கைகளை விரித்து நின்றார்.

பஸ் கண்டக்டர் கோபமாக ஓடி வந்தார். "என்னங்க, கேட்டத் தொறந்தாச்சுல்ல? வண்டிய எடுங்க!"

"கொஞ்சம் பொறுங்கண்ணே. என் வண்டியிலதான் அடிபட்டுச்சு. உசுரு இருக்கு."

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "அடடா, என்னா அழகு!" என்றவர், விசிலடித்து எதிரே வந்த வண்டிகளையும் நிறுத்திவிட்டார்.

என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்து, "சார், தொடலாமா?" என்றார் டிரைவர்.

"துண்டால மெதுவா மூடி எடுங்க."

அவர் அதை ஓரத்து வேப்பமர நிழலில் விட்டார். ஹாரன் சத்தம் அடங்கியிருந்தது. சற்று நேரத்தில் குருவி தலையை உதறி, புதருக்குள் பறந்தது. டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார்.

முத்துப்பேட்டையில் அன்று கூட்டம் கூட்டமாகப் பறவைகளைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து வாய் ஓயாமல் சொன்னது அந்த டிரைவரைப் பற்றித்தான்.